ங்க

ஒவ்வொரு மோட்டாரின் முதுகிலும் ஒரு எண் உண்டு.
காலை ஷிப்டில் நூற்றிப் பத்து எண்களைப் படிக்கிறேன்.
தண்ணீர் ஏறுகிறதா, எத்தனை அடி,
எங்கே ஒழுகுகிறது என்று எழுதிக்
கையெழுத்துப் போடுகிறேன்.
ஆறு மாதம் போனால்தான்
எனக்கு ஒரு எண் தருவார்களாம்.

கணபதியில் மாவு மில்லுக்கு மேல்மாடி.
ஒத்திகை ஏழரைக்கு, நான் போய்ச் சேர எட்டு.
சென்னியப்பன் அண்ணன் பகலில் மின்வாரியக் கணக்கர்.
கடிகாரத்தைப் பார்க்கமாட்டார்,
படியேறி வந்த என் செருப்புத் தடத்தைப் பார்ப்பார்,
கிரீஸ் கறுப்பில் ஒவ்வொரு படியிலும் ஒன்று.
கீழே மிளகாய் அரைக்கிற நாட்களில்
அழுகைக் காட்சி எல்லோருக்கும் நன்றாக வரும்.

எனக்குக் கிடைத்தவள் பெருந்துறைப் பக்கத்துக்காரி,
கறவை மாட்டுக்கு வாங்கிய கடனோடு
வங்கி வாசலில் நிற்பவள்.
பதினொரு வசனம். பதினொன்றிலும் 'ங்க'.
"தந்தர்றனுங்க. தராம எங்கீங்க போயிருவேன்?"
திசையன்விளையில் வளர்ந்த நாக்கு
அந்த எழுத்துக்கு முன்னால்
தேரிமணலில் சக்கரம் புதைந்த வண்டி மாதிரி நின்றுவிடும்.
கோகிலவாணிதான் வழி சொன்னாள்:
"அதெச் சொல்லோணும்னு சொல்லாத புள்ள.
பேசி முடிச்சுட்டு
கதவச் சாத்தாம உட்று, அவ்ளோதே."

அவள் டப்பாவில் அரிசிம்பருப்பு சாதம் இருக்கும்.
பாதி எனக்கு.
நான் கேட்டதில்லை, வேண்டாமென்றதும் இல்லை.
அவள் பிறந்தநாளன்று எனக்கு நைட் ஷிப்ட்.
விடுதியில் தேன்மதிக்குக் காய்ச்சல் ஏறிய இரவு
நான் வங்கி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்,
இல்லாத வங்கியின்
இல்லாத வாசலில்.
திரும்பி வந்தபோது அவளே எழுந்து கஞ்சி வைத்து
எனக்கும் ஒரு டம்ளர் மூடி வைத்திருந்தாள்.

அம்மா எட்டரைக்குக் கூப்பிடுவாள்.
அது சரியாக இரண்டாம் காட்சி.
பைக்குள் போன் துடித்துத் துடித்து
நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வரும்.
"ரிங்கு போச்சு, நீ எடுக்கல" என்பாள் மறுநாள்.
மீட்டிங் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
நாலு பேர் கூடுகிறோம், ஒருவர் கத்துகிறார்,
பெரிய பொய்யொன்றும் இல்லை.

ஞாயிறு மதியம் அப்பா பேசினார். அபூர்வம்.
டிராக்டர் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர்,
பேச்சையும் தொட்டித் தண்ணீரில் முக்கி
குமிழி எங்கே வருகிறதென்று பார்த்துவிட்டுத்தான்
அடுத்த வார்த்தைக்குப் போவார்.
"சம்பளம் வந்திட்டா?"
"வந்திட்டுப்பா."
"அங்க மழையா?"
"தூறலுங்க."

அந்தப் பக்கம் கம்ப்ரசர் மட்டும் ஓடியது.
என் வாயை நானே பொத்திக்கொண்டேன்,
விழுந்த எழுத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம் போல.
"யாரு பேசுதது?" என்றார்.
"நாந்தாம்ப்பா."
"அப்படிங்களா" என்றார் அப்பா.

இருபத்தி மூன்று வருடத்தில்
அவர் எனக்குப் போட்ட முதல் 'ங்க'.
சிரித்தாரா என்று தெரியவில்லை.
கதவு சாத்தப்படவில்லை, அது மட்டும் தெரிந்தது.
சொல்லிவிட்டேன்:
மாவு மில், எட்டரை மணி,
பதினொரு வசனம், இல்லாத மாடு.
மீட்டிங் எல்லாம் பொய் என்று.

கம்ப்ரசரை நிறுத்திவிட்டுக் கேட்டார்:
"கடைசில கடன அடச்சிருதாளா?"
"தெரியலப்பா. சென்னியப்பன் அண்ணன்
கடைசிக் காட்சிய மாத்திக்கிட்டே இருக்காரு."
"ம்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"அம்மைட்ட ஒம்பதரைக்குப் போடச் சொல்லுதேன்.
மாட்ட வித்துட்டான்னு மட்டும் வச்சிராதீய."

திங்கட்கிழமை அறுபத்தியேழாவது மோட்டார் ஒழுகியது.
எழுதினேன், கையெழுத்துப் போட்டேன்.
மாலை பேக்கரியில் அரைக்கிலோ கேக்,
கோகிலவாணி பெயரை எழுதச் சொல்லி,
பதினெட்டு நாள் தாமதமாக.
"மேல வேற எதாச்சும் எழுதோணுங்களா?" என்றார் கடைக்காரர்.
"போதுமுங்க" என்றேன்.